கலாபகோஸ் தீவுகளில் காட்டுயிர்களை அருகில் பார்க்க: திட்டம் முதல் திரும்பும் நாள் வரை

கலாபகோஸ் போக நினைப்பவர்கள் பெரும்பாலும் விமானச் சீட்டு விலையைப் பார்ப்பதிலிருந்து தொடங்குகிறார்கள். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எந்த உயிரினத்தைப் பார்க்கத்தான் வேண்டும் என்று முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். அது எந்தத் தீவில் இருக்கிறது, எந்த மாதத்தில் இருக்கிறது என்பதை அதன் பக்கத்தில் எழுதுங்கள். படகு, தங்கும் ஊர், செலவு எல்லாம் அந்தத் தாளிலிருந்தே முடிவாகும். எக்வடோர் நாட்டுக் கரையிலிருந்து சுமார் 1000 கி.மீ. மேற்கே பசிபிக் கடலில் இருக்கும் இந்தத் தீவுக்கூட்டத்தில், ஒரு தீவில் கூட்டமாக இருக்கும் பறவை அடுத்த தீவில் ஒன்றுகூட இருக்காது. மாதம் தப்பினாலும் அதே கதிதான்.

அருகில் போவதைப் பற்றி இங்கே யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. மனிதன் வருவதற்கு முன் இந்தத் தீவுகளில் வேட்டையாடும் பெரிய பாலூட்டி எதுவும் இருந்ததில்லை. அதனால் இங்கத்திய உயிரினங்களுக்கு நிலத்தில் நடந்து வரும் ஒன்றைக் கண்டு ஓடும் பழக்கமே ஏற்படவில்லை. சரியான இடத்தில், சரியான மாதத்தில் போய் அசையாமல் உட்கார்ந்தால் போதும், அவையே வரும். இந்தக் கையேட்டில் இருப்பதெல்லாம் அந்த இரண்டையும் எப்படிச் செய்வது என்பதுதான்.

எது, எங்கே, எப்போது

அலை அல்பட்ரோஸ் பறவையிலிருந்து தொடங்குவோம், மாத விஷயத்தில் அதிகம் ஏமாற்றுவது அதுதான். ஏறத்தாழ முழு இனமும் எஸ்பன்யோலா என்ற ஒரே தீவில்தான் முட்டையிடுகிறது. மார்ச் கடைசியில் வரத் தொடங்கும், டிசம்பர் முடிவில் கிளம்பிவிடும். இரண்டு பறவைகள் எதிரெதிரே நின்று அலகை வாள்போல் மோதி, வானத்தைப் பார்த்துக் கூவும் காதல் ஆட்டத்துக்கு ஏப்ரல், மே நல்ல மாதங்கள். பிப்ரவரியில் எஸ்பன்யோலா போனால் சிவப்பும் பச்சையுமாக நிறம் ஏறிய கடல் இகுவானா என்ற பெரிய பல்லிகளை ரசிக்கலாம், அல்பட்ரோஸ் இருக்காது.

பறக்காத நீர்க்காகம் இசபெலா தீவின் மேற்குக் கரையிலும் வடக்குக் கரையிலும் ஃபெர்னாந்தினா தீவிலும் மட்டும்தான் உண்டு. வருடம் முழுவதும் பார்க்கலாம், ஆனால் ஃபெர்னாந்தினாவுக்குப் பல நாள் படகுப் பயணம் இல்லாமல் போவது கடினம். பெங்குவின்களும் இந்த மேற்குப் பக்கத்தில்தான் அதிகம். ஆழத்திலிருந்து குரோம்வெல் நீரோட்டம் குளிர்ந்த, சத்து நிறைந்த தண்ணீரை அங்கேதான் மேலே தள்ளுகிறது. மீன் கூடுவதும் அங்கே என்பதால் அதைத் தின்பவையும் அங்கே கூடுகின்றன. பார்த்தொலோமே தீவில் ஒரு சிறு பெங்குவின் கூட்டம் உண்டு, சாந்தா குரூஸிலிருந்து ஒருநாள் பயணமாகவே போய்வரலாம்.

சிவந்த கால் பூபி என்ற கடற்பறவையைப் பார்க்க வடக்கே இருக்கும் கெனோவெசா தீவுக்குப் போக வேண்டும். அங்கே பகலிலேயே வேட்டையாடும் குட்டைக்காது ஆந்தையும் உண்டு. பாறை நிறத்திலேயே இருக்கும், வழிகாட்டி காட்டும்வரை கண்ணில் படாது. நீலக்கால் பூபிக்கும், தொண்டைப்பையைச் சிவப்புப் பலூனாக ஊதும் ஃபிரிகேட் பறவைக்கும் வடக்கு செய்மோர் தீவு போதும். விமான நிலையம் இருக்கும் பால்த்ராவுக்கு மிக அருகில் இருக்கிறது. ராட்சத ஆமைகளுக்குப் படகே வேண்டாம். சாந்தா குரூஸ் தீவின் மேட்டுப் பகுதிப் பண்ணைகளில், புல் மேய்ந்தபடி திரியும். கடற்சிங்கங்கள் எங்கும் உண்டு. சான் கிறிஸ்தோபல் ஊரின் கடற்கரை பெஞ்சுகளில்கூடப் படுத்துத் தூங்கும். குட்டிகளைப் பார்க்க ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை. பச்சைக் கடலாமை முட்டையிடக் கரையேறுவது டிசம்பர் முதல் மே வரை.

இனி தட்பவெப்பம். ஜனவரி முதல் மே வரை வெயிலும் இடையிடையே நல்ல மழையும், கடல் சுமார் 24 முதல் 27 டிகிரி, அலை குறைவு. ஜூன் முதல் டிசம்பர் வரை காற்று, தூறல், மேகமூட்டம். கடல் 18 முதல் 23 டிகிரிக்கு இறங்கும், மேற்கே இன்னும் குறையும். இந்தக் குளிர்மாதங்களில்தான் கடலில் உணவு அதிகம், ஆகவே கடற்பறவைகளின் கூத்தும் அதிகம். முதல்முறை போகிறவர், நீச்சலில் தடுமாறுகிறவர், குழந்தைகளோடு போகிறவர் ஏப்ரல் பிற்பாதியிலிருந்து ஜூன் தொடக்கம்வரை போவதே நல்லது என்பது எங்கள் கருத்து. அல்பட்ரோஸ் வந்திருக்கும், கடல் இன்னும் கடுமையாகியிருக்காது.

படகிலேயே தங்குவதா, ஊரில் தங்குவதா

மக்கள் வாழும் தீவுகள் நான்கு: சாந்தா குரூஸ், சான் கிறிஸ்தோபல், இசபெலா, ஃப்ளோரியானா. நிலப்பரப்பில் 97 சதவீதம் தேசியப் பூங்கா. அங்கே எந்த இடத்தில் இறங்கலாம், எந்தப் படகு எந்த நாளில் போகலாம் என்பதையெல்லாம் பூங்கா நிர்வாகமே தீர்மானிக்கிறது. சுற்றுலாப் படகில் 100 பேருக்கு மேல் ஏற்ற அனுமதி இல்லை. ஒரு வழிகாட்டிக்கு அதிகபட்சம் 16 பேர். அதனால்தான் 16 பேர் படகுகள் இங்கே நிறைய. அந்த அளவே நல்லது. பெரிய படகில் எல்லாரையும் கரைக்கு இறக்கி ஏற்றவே நேரம் போய்விடும், அதிகாலை வெளிச்சம் அதில் கரையும்.

எஸ்பன்யோலா, கெனோவெசா, ஃபெர்னாந்தினா மூன்றும் உங்கள் தாளில் இருந்தால் பல நாள் படகுதான் வழி. அப்போதும் ஒரே வாரத்தில் மூன்றும் கிடைக்காது. அதே இடத்துக்கு 14 நாளைக்குள் இரண்டாம்முறை போகக் கூடாது என்பதால் படகுகள் இரண்டு வாரச் சுற்றாக ஓடுகின்றன. மேற்குச் சுற்று ஒரு வாரம், கிழக்கு அல்லது வடக்குச் சுற்று மறுவாரம் என்று இருக்கும். பணம் கட்டும் முன் நாள்வாரியான இறங்குமிடப் பட்டியலை எழுத்தில் வாங்குங்கள். தீவின் பெயர் மட்டும் போதாது. இசபெலா என்றால் வில்லமில் ஊரா, மேற்குக் கரையின் தாகுஸ் விரிகுடாவா என்பதில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் உண்டு.

நீலக்கால் பூபி, ஆமை, கடற்சிங்கம், இகுவானா, சில பெங்குவின்கள் போதுமென்றால் ஊரில் தங்கி ஒருநாள் பயணங்கள் செய்யலாம். செலவு நன்றாகக் குறையும். சாந்தா குரூஸிலிருந்து வடக்கு செய்மோர், பார்த்தொலோமே போன்ற இடங்களுக்கு ஒருநாள் பயணம் தலைக்குச் சுமார் 150 முதல் 250 டாலர் ஆகும். தோர்த்துகா பே கடற்கரைக்கு ஊரிலிருந்து இரண்டரை கி.மீ. நடைபாதை, கட்டணமோ வழிகாட்டியோ தேவையில்லை, கடல் இகுவானாக்கள் மணலில் வரிசையாகப் போவதைப் பார்க்கலாம். முதலில் வரும் நீண்ட கடற்கரையில் குளிக்காதீர்கள், நீரோட்டம் இழுத்துப் போய்விடும். இன்னும் நடந்தால் வரும் அமைதியான குடாவில் இறங்குங்கள். இசபெலாவில் கொஞ்சா தெ பெர்லா என்ற இடத்தில் படிக்கட்டிலிருந்தே கடலுக்குள் இறங்கி ஆமைகளோடும் கடற்சிங்கங்களோடும் நீந்தலாம்.

தீவுக்குத் தீவு விரைவுப்படகுகள் காலையும் மதியமும் ஓடுகின்றன. ஒருவழிக்குச் சுமார் 30 முதல் 35 டாலர், இரண்டு மணி நேரம். ஜூலை முதல் நவம்பர் வரை இந்தப் பயணம் பலருக்கு வயிற்றைக் கலக்கும். வாந்தி மாத்திரையை ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டு வாங்கி வாருங்கள், படகு கிளம்ப ஒரு மணி நேரம் முன்பே போடுங்கள், குமட்டல் தொடங்கிய பிறகு போட்டால் வேலை செய்யாது. முன்பக்கம் உட்காராதீர்கள், ஒவ்வோர் அலைக்கும் அங்கேதான் அதிகமாகத் தூக்கிப்போடும். அலைபேசியைப் பார்க்காமல் தொடுவானத்தைப் பாருங்கள்.

காகிதங்களும் பணமும்

இந்தியக் கடவுச்சீட்டுக்கு எக்வடோர் விசா வேண்டும், தூதரகம் புதுதில்லியில் இருக்கிறது. அமெரிக்கா வழியாகப் போனால் விமானம் மாறுவதற்கு மட்டும்கூட அமெரிக்க விசா கட்டாயம். பலர் சீட்டு வாங்கிய பிறகே இதைக் கண்டுபிடிக்கிறார்கள்.

அடுத்தது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. தீவுகளில் அந்த நோய் இல்லை, ஆனால் எக்வடோர் நிலப்பகுதி வழியாகத்தான் போக வேண்டும். சான்றிதழ் இல்லாமல் அங்கிருந்து திரும்பினால் இந்திய விமான நிலையத்தில் ஆறு நாள்வரை தனிமைப்படுத்தலாம். ஊசி போட்டுப் பத்து நாள் ஆன பிறகே சான்றிதழ் செல்லும். சென்னையில் கிண்டி கிங் நிலையத்திலும் துறைமுகச் சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். எல்லா நாளும் போடுவதில்லை, முன்பதிவு செய்ய வேண்டும். கிளம்ப ஒரு மாதம் முன்பே முடித்துவிடுங்கள்.

எக்வடோர் நிலப்பகுதியில் இருக்கும் கீத்தோ அல்லது குவயாகில் விமான நிலையத்தில் தீவுக்குப் போகும் விமானத்தில் ஏறுமுன் மூன்று வேலை, இதே வரிசையில்: பயணக் கட்டுப்பாட்டு அட்டை வாங்குவது (20 டாலர்), உயிர்ப்பாதுகாப்புச் சோதனையில் பெட்டியைக் காட்டி முத்திரை போட்டுக்கொள்வது, அதன் பிறகே விமான நிறுவனக் கவுண்டர். இதற்காக இரண்டரை மணி நேரம் முன்பே போங்கள். அட்டையின் உங்கள் பகுதியைக் கடவுச்சீட்டிலேயே வையுங்கள், திரும்பும்போது கேட்பார்கள். தீவில் இறங்கியதும் பூங்கா நுழைவுக் கட்டணம். 2024 ஆகஸ்ட் 1 முதல் வெளிநாட்டுப் பெரியவருக்கு 200 டாலர், 12 வயதுக்குட்பட்டவர்களுக்கு 100. ரொக்கமாக எடுத்துப் போங்கள். எக்வடோரின் நாணயமே அமெரிக்க டாலர்தான். 50, 100 தாள்களைக் கடைகளில் வாங்கத் தயங்குவார்கள், 5, 10, 20 தாள்களாக மாற்றிக்கொள்ளுங்கள். இசபெலாவில் ஏடிஎம்மை நம்பிப் போகாதீர்கள்.

கீத்தோ நகரம் 2850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நீண்ட பயணத்துக்குப் பிறகு தலைவலியும் மூச்சிரைப்பும் சேர வேண்டாமென்றால் கடல்மட்டத்தில் இருக்கும் குவயாகிலில் இரவு தங்குங்கள். நிலப்பகுதியிலிருந்து வரும் அன்றே பயணப் படகில் ஏறாமல் இடையில் ஒரு நாளாவது விடுங்கள். விமானம் தாமதமானால் படகு காத்திருக்காது.

பெட்டியில் என்ன போகக் கூடாது

நம்மவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான். முளைக்கக்கூடிய எதையும் தீவுக்குள் விடமாட்டார்கள். பச்சைப்பயறு, கொண்டைக்கடலை, வெந்தயம், கடுகு, முழுமல்லி எல்லாம் விதை. கறிவேப்பிலை, பழம், பச்சை மிளகாய், இஞ்சி வேண்டவே வேண்டாம். வறுத்து அரைத்த பருப்புப் பொடி, மூடிய உறையிலிருக்கும் உடனடி உப்புமா போன்றவற்றைத் தனிப் பையில் வைத்து, கேட்கும் முன்பே காட்டிவிடுங்கள். காலணி அடியில் மண் ஒட்டியிருக்கக் கூடாது. பழைய பல் துலக்கியால் தேய்த்துக் கழுவிக் காயவைத்த பிறகே பெட்டியில் வையுங்கள்.

இவ்வளவு கெடுபிடிக்குக் காரணம் இருக்கிறது. வெளியிலிருந்து வந்த ஆடுகள் இசபெலாவின் வடபகுதியில் ஆமைகளின் மேய்ச்சலையே தின்று தீர்த்தன. அவற்றை ஒழிக்கும் பெருந்திட்டம் 2006-இல்தான் முடிந்தது. வெளியிலிருந்து வந்த ஓர் ஈ இன்றும் ஃபின்ச் குருவிக் கூடுகளில் முட்டையிடுகிறது. அதன் புழுக்கள் குஞ்சுகளின் இரத்தத்தை உறிஞ்சிக் கொல்கின்றன. ஒரு விதையும் ஒரு பூச்சியும் இங்கே செய்யும் சேதம் அப்படிப்பட்டது.

ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பை, ஸ்ட்ரா, சிறு தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை உண்டு. நிரப்பிக்கொள்ளும் பாட்டில் கொண்டுபோங்கள். குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள், விடுதியிலும் படகிலும் சுத்திகரித்த தண்ணீர் இருக்கும். எடுத்துப் போக வேண்டியவை அதிகமில்லை: லாவா பாறையில் நடக்கப் பிடிமானமுள்ள மூடிய காலணி, தண்ணீரில் இறங்கப் பின்பட்டை உள்ள செருப்பு, முழுக்கைச் சட்டை, கழுத்தில் கட்டும் கயிறுள்ள தொப்பி, நீர்புகாப் பை. நிலநடுக்கோட்டு வெயில் மேகத்தின் ஊடாகவும் சுடும். தண்ணீரில் குப்புற மிதக்கும்போது முதுகும் பின்னங்காலும் தீய்ந்துபோகும், சட்டை போட்டே இறங்குங்கள்.

சைவ உணவுக்காரர்களுக்கு: மெனெஸ்த்ரா என்று ஒன்று எல்லா ஊரிலும் கிடைக்கும், சோற்றோடு வரும். பீன்ஸ் அல்லது மசூர் பருப்பை நம் கூட்டுப்போலக் கெட்டியாகச் சமைத்தது. இறைச்சித் துண்டு போட்டுச் சமைப்பதும் உண்டு, "சின் கார்னே, சின் பெஸ்காதோ" (இறைச்சி இல்லாமல், மீன் இல்லாமல்) என்று சொல்லிக் கேட்டு வாங்குங்கள். பல நாள் படகானால் முன்பதிவின்போதே எழுதிவிடுங்கள். கடலுக்குள் போன பிறகு சமையல்காரரால் காய் வாங்கிவர முடியாது.

ரப்பர் படகில் ஏறி இறங்குவது

பெரிய படகிலிருந்து கரைக்குப் போவது பங்கா எனப்படும் சிறு ரப்பர் படகில். இடுப்பும் கணுக்காலும் அடிபடுவது இங்கேதான். உயிர்காப்பு உடையின் பட்டைகளை மாட்டி, கேமராவைப் பைக்குள் போட்டு, பையை முதுகில் மாட்டி, இரண்டு கைகளையும் காலியாக வையுங்கள். மாலுமி கை நீட்டும்போது உள்ளங்கையைப் பிடிக்காதீர்கள், அவர் முழங்கைக்குக் கீழே முன்கையைப் பிடியுங்கள், அவரும் உங்கள் முன்கையைப் பிடிப்பார். ஈரக் கை வழுக்கினாலும் அந்தப் பிடி விடாது. அலை படகைத் தூக்கும் தருணத்தில் ஓர் அடி ரப்பர் விளிம்பில், அடுத்த அடி உள்ளே, உடனே உட்காருங்கள்.

உலர் இறக்கமானால் பாறையில் காலணியோடு இறங்கலாம். பாசி படிந்த கரும்பாறை வழுக்கும், வெள்ளையாகக் காய்ந்த இடத்தில் கால் வையுங்கள். ஈர இறக்கமானால் முழங்கால்வரை தண்ணீர். கடலைப் பார்த்தபடி, விளிம்பில் உட்கார்ந்து, இரண்டு கால்களையும் வெளியே போட்டு இறங்குங்கள். திரும்பி ஏறும்போது பாதத்து மணலைக் கழுவிவிட்டு ஏறுங்கள். ஒரு தீவின் மணலும் விதையும் அடுத்த தீவுக்குப் போகக் கூடாது.

பாதையில்

எந்த உயிரினத்திடமிருந்தும் இரண்டு மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்பது விதி. பாதையின் வெள்ளைக் கம்பங்களைத் தாண்டக் கூடாது. சிக்கல் என்னவென்றால், அவை அந்தக் கம்பங்களை மதிப்பதில்லை. நீலக்கால் பூபி நடுப்பாதையிலேயே கூடு வைக்கும். கூடு என்று சொல்லக் குச்சிகூட இருக்காது. வெறும் தரை, அதைச் சுற்றித் தன் எச்சத்தையே பீய்ச்சி வரைந்த வெள்ளை வளையம். நடுவில் பறவை நீலப் பாதங்களை முட்டைமேல் வைத்துச் சூடேற்றியபடி நிற்கும். அந்த வளையம்தான் அதற்கு வீடு. குஞ்சு வளையத்துக்கு வெளியே போனால் தாய் அதைத் தன்னுடையதாகக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடலாம். நாம் ஓரடி நெருங்கி, குஞ்சு பயந்து பின்வாங்கினால் நடப்பது அதுதான். இப்படி வழிமறித்தால் வழிகாட்டி காட்டும் பக்கமாகச் சுற்றிப் போங்கள், தாண்டிக் குதிக்காதீர்கள்.

எப்போது நிற்க வேண்டும் என்பதைப் பறவையே சொல்லும். தலையைத் திருப்பி உங்களைப் பார்க்கிறது, கழுத்தை நீட்டுகிறது, முட்டைமேல் நிலை மாறுகிறது என்றால் இரண்டு மீட்டருக்கு அப்பால் இருந்தாலும் இன்னும் பின்னே போங்கள். தன் வேலையைத் தொடர்கிறதென்றால் அங்கேயே உட்காருங்கள். நின்றபடி பத்து நிமிடம் பார்ப்பதைவிட உட்கார்ந்து ஐந்து நிமிடம் பார்த்தால் அதிகம் தெரியும். கடற்சிங்கக் குட்டி தானாக வந்து காலணியை முகர்ந்தால் அசையாமல் இருங்கள், கையை நீட்டாதீர்கள். தாய் குட்டியை மணத்தால் அடையாளம் காண்கிறது, நம் கைமணம் ஏறினால் பால் கொடுக்காமல் ஒதுக்கலாம்.

ஃபெர்னாந்தினாவின் எஸ்பினோசா முனையில் கண் எப்போதும் தரையில் இருக்க வேண்டும். கடல் இகுவானாக்கள் லாவாவின் அதே கறுப்பில், ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்திருக்கும். பாறை என்று கால் வைக்கப்போகும் இடம் திடீரென மூக்கிலிருந்து உப்புநீரைச் சீறித் தெறிக்கும். கடலில் விழுங்கிய அதிக உப்பை அவை வெளியேற்றுவது அப்படித்தான். தெறித்த உப்பு தலையில் காய்ந்து வெள்ளைத் தொப்பியாகப் படிந்திருக்கும். காலை ஏழு மணிக்கு அவை குளிர்ந்து அசையாமல் கிடக்கும், வெயில் ஏறிய பிறகே கடலுக்குள் இறங்கி மேயும். மேய்வதைப் பார்க்க நடுப்பகல் நல்லது.

ஃப்ளாஷ் கூடாது, ட்ரோன் கூடாது. 100–400 மி.மீ. லென்ஸ் ஒன்று போதும், பல காட்சிகளுக்கு அலைபேசியே போதும். பூபி கடலில் பாய்வதைப் பிடிக்க ஷட்டர் வேகத்தை 1/2000-க்குமேல் வையுங்கள். நின்ற உயரத்திலிருந்து எடுத்தால் எல்லாம் தட்டையாகத் தெரியும், பாதையிலேயே மண்டியிட்டு அதன் கண்மட்டத்துக்கு இறங்குங்கள்.

தண்ணீருக்குள்

நீச்சல் தெரியாது என்பதற்காக இதை விட்டுவிடாதீர்கள். உயிர்காப்பு உடையோடு குப்புற மிதக்கவும் குழாயில் வாயால் மூச்சுவிடவும் பழகினால் போதும். அதை ஊரிலேயே நீச்சல்குளத்தில் சில வாரம் பழகிவிட்டு வாருங்கள். குளிர்ந்த கடலில், அலையில், முதல்முறையாக முகமூடி மாட்டினால் பதற்றம்தான் வரும். புது முகமூடியின் கண்ணாடியில் மெல்லிய படலம் இருக்கும். பற்பசையைத் தடவி இரண்டு மூன்று முறை நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். இறங்குமுன் ஒரு சொட்டுக் குழந்தை ஷாம்பூவைத் தடவி லேசாக அலசினால் மூடுபனி படியாது. முடி ஓரத்தில் மாட்டினாலும் மீசை அடர்த்தியாக இருந்தாலும் தண்ணீர் கசியும், மீசையின் மேற்பகுதியில் கொஞ்சம் வாசலின் தடவினால் குறையும். ஜனவரி முதல் மே வரை 3 மி.மீ. நீருடை (வெட்சூட்) போதும், மற்ற மாதங்களிலும் மேற்குப் பக்கத்திலும் 5 மி.மீ. கேளுங்கள். குளிரில் நடுங்கினால் பத்து நிமிடத்தில் ஏறிவிடுவீர்கள், நல்லதெல்லாம் அதற்குப் பிறகுதான் வரும்.

துரத்தாதீர்கள். கடலாமையின் பின்னால் துடுப்படித்தால் அது போய்விடும். பக்கவாட்டில் மெதுவாக மிதந்தால் அது பாசி மேய்வதை நெருக்கத்தில் பார்க்கலாம். அது மூச்சுவிட மேலே வரும் வழியில் மட்டும் குறுக்கே இருக்காதீர்கள். இளம் கடற்சிங்கங்கள் விளையாட வரும், முகத்துக்கு நேரே வந்து கடைசி நொடியில் திரும்பும். கைகளை உடம்போடு ஒட்டி வைத்து நீங்களும் ஒரு சுற்றுச் சுற்றினால் விளையாட்டு நீளும். தலை மேடேறிய பெரிய ஆண் குரைத்தபடி கரையோரம் முன்னும் பின்னும் நீந்துகிறதென்றால் அது தன் எல்லையைக் காக்கிறது. அதற்கும் கரைக்கும் நடுவில் போகாமல் உடனே விலகுங்கள், அது கடிக்கும். ஆழமில்லாத மணலில் கால் ஊன்றும்போது திருக்கை இருக்கலாம், காலைத் தேய்த்துத் தேய்த்து நடங்கள். சான் கிறிஸ்தோபல் அருகே லியோன் தோர்மீதோ பாறைப் பிளவில் சுத்தியல் போன்ற தலையுள்ள கொம்பன் சுறாக்களை மேலிருந்தே பார்க்க வாய்ப்புண்டு. அங்கே ஆழம் அதிகம், நீரோட்டமும் உண்டு. வழிகாட்டியின் பின்னாலேயே போங்கள்.

திரும்பும் நாள்

தீவுகளின் நேரம் எக்வடோர் நிலப்பகுதியைவிட ஒரு மணி பின்னால். அலைபேசி சில சமயம் மாறாமல் இருக்கும், முந்தின இரவே சரிபாருங்கள். சாந்தா குரூஸின் அயோரா ஊரிலிருந்து பால்த்ரா விமான நிலையத்துக்கு வாடகைக் கார், கால்வாய்ப் படகு, பேருந்து என மூன்று மாற வேண்டும். விமானத்துக்கு மூன்றரை மணி நேரம் முன்பே கிளம்புங்கள். டேங்க் கட்டி ஆழ்கடல் மூழ்கினவர்கள் விமானம் ஏறக் குறைந்தது 18 மணி நேரம், முடிந்தால் 24 மணி நேரம் விட வேண்டும்.

பைகளைத் தட்டி உதறுங்கள். சிப்பி, பவளத் துண்டு, லாவாக் கல், ஒரு பிடி மணல்கூடக் கொண்டுவரக் கூடாது, விமான நிலையத்தில் சோதிப்பார்கள். குழந்தைகளின் சட்டைப்பையைத் தனியாகப் பாருங்கள். பயணக் கட்டுப்பாட்டு அட்டையின் பகுதி கடவுச்சீட்டிலேயே இருக்கட்டும். மஞ்சள் காய்ச்சல் சான்றிதழின் அசலைப் பெட்டிக்குள் போட்டு அனுப்பிவிடாமல் கைப்பையில் வையுங்கள், சென்னையில் இறங்கியதும் குடியேற்றச் சோதனைக்கு முன்பே சுகாதாரக் கவுண்டரில் அதைக் காட்ட வேண்டியிருக்கும்.